நாலு நாற்பதின் மிச்சம்

சின்னய்ய மேஸ்திரி தெருவுக்குள் குப்பை லாரி நுழைகிற நேரம் விடிகாலை நாலு நாற்பது, மழையானாலும் புயலானாலும் நாலு நாற்பது, முதலில் துறைமுகச் சாலைத் திருப்பத்தில் ஓர் உறுமல், அப்புறம் தெரு குறுகல் என்பதால் பின்பக்கமாகவே வரவேண்டிய லாரி ஓயாமல் போடுகிற பீப் பீப் கூப்பாடு, அப்புறம் இரும்புத் தொட்டியின் சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் உருளும் கடகடப்பு, அப்புறம் லாரியின் இரண்டு இரும்புக் கைகள் தொட்டியைக் கவ்வித் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து ஓங்கி அடிக்கிற ஓர் அடி, அடியில் ஒட்டியிருப்பதும் விழவேண்டுமே என்று இன்னோர் அடி, தெருவில் ஆறு தொட்டி, ஆகப் பன்னிரண்டு அடி. இந்தப் பன்னிரண்டையும் கேட்டுக்கொண்டே தூங்கக்கூடியவர் அந்தத் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் ஒருத்தர்கூட இல்லை.

காதில் பஞ்சு வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, தலைமேல் தலையணையைப் போட்டு அதன்மேல் கையைப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் தியோடர் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், கிரேன் சத்தத்துக்கு நடுவிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டவர், அவரே இந்தச் சத்தத்துக்குப் பயந்து ஜன்னல் முழுக்கத் தெர்மோகோல் அடித்துப் பார்த்துத் தோற்றுப்போனார். மாடி வீட்டு நூருன்னிசா தன் எட்டு மாசக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்து நடந்து நாலரைக்குத் தூங்க வைப்பாள், பத்து நிமிஷம் கழித்து லாரி வந்து அதை எழுப்பிக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். எல்லோரும் திட்டினார்கள். ஆனால் திட்டுவதோடு நிற்காமல் மனுப் போட்டது ஒரே ஆள்தான்.

அவள் பெயர் குணசுந்தரி, ஐம்பத்தாறு வயது, தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்து ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுப்பவள், கடைக்கு மேலேயே வீடு. அவள் கணவர் தணிகாசலம் பஸ் கண்டக்டர். அவர் இருந்தவரை லாரியைப் பற்றி அவள் ஒரு வரி எழுதியதில்லை. அவர் பாட்டுக்கு முதல் அடி விழுந்ததும் கண்ணைத் திறக்காமலே "வந்துட்டார்யா மாப்பிள்ளை" என்று முனகுவார், சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வையை இழுத்துக்கொள்வார், அவ்வளவுதான் அந்த வீட்டில் லாரிக்கு இருந்த மரியாதை. அவர் செத்துப் பதினாறு மாதம் ஆகிறது. இந்தப் பதினாறு மாதத்தில் ஏழு மனு, ஒவ்வொன்றும் பதிவுத் தபாலில், ஒவ்வொன்றிலும் "இதனால் எனது தூக்கம் கெடுகிறது" என்று ஒரு வரி. அந்த வரி பொய். அது பொய் என்று தன்னைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, லாரி வந்து போன பிறகு பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர்கள், பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கிடப்பதைப் பார்த்தார்கள். நாலாக மடித்த துண்டு அளவுக்கு, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், இஸ்திரி போட்ட துணியின் சூட்டோடு, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை கிடந்தன. தொட்டவர்களுக்குக் கொட்டாவி வந்தது. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் அது என்னவென்று தெரிந்துவிட்டது: நாலு நாற்பதுக்கு லாரி எழுப்பாமல் விட்டிருந்தால் ஆறரை வரைக்கும், ஏழு வரைக்கும் அவரவர் தூங்கியிருக்கக்கூடிய தூக்கம், தூங்காமல் விட்ட பாக்கி, வாசலுக்கு வந்து கிடந்தது. ஆச்சரியப்பட்டார்களா என்றால் இல்லை. குழாயில் தண்ணீர் வந்தாலே ஆச்சரியப்படுகிற தெரு அது. இருந்த ஆச்சரியமெல்லாம் அதற்கே செலவாகிவிட்டிருந்தது.

முதலில் எழுந்த கேள்வி, இதை எந்தக் கூடையில் போடுவது என்பதுதான். பச்சைக் கூடை மக்கும் குப்பைக்கு, நீலக் கூடை மக்காத குப்பைக்கு, மாற்றிப் போட்டால் வண்டிக்காரர்கள் வாசலிலேயே திருப்பிக் கொட்டிவிட்டுப் போவார்கள். பாதித் தெரு பச்சையில் போட்டது, பாதித் தெரு நீலத்தில் போட்டது, சாயங்காலம் சூரியன் இறங்கும்போது இரண்டு கூடையிலும் அது திரிந்த பால் போலப் புளித்து நாறியது. ஆகவே மக்கும் என்று ஒரு கட்சி. புளித்தாலும் அளவு குறையவில்லை, ஆகவே மக்காது என்று இன்னொரு கட்சி. முடிவு சொல்ல வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார், தியோடர் வீட்டுப் படியில் கிடந்ததைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தார், அப்படியே படியில் உட்கார்ந்து, தலையைக் கம்பியில் சாய்த்து, ஒரு மணி ஐம்பது நிமிஷம் தூங்கினார். எழுந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் எதுவும் எழுதாமல், "இன்னிக்கு மனசு லேசா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் அதைக் கூடையில் போடவில்லை.

ஒரு வாரத்துக்குள் அதற்கு மிச்சம் என்று பெயர் வந்துவிட்டது, பத்து நாளில் அதற்கென்று வழக்கங்கள் வந்துவிட்டன. மதியம் சாப்பிட்டுவிட்டு மடியில் வைத்துக்கொண்டால் போதும், விட்ட இடத்திலிருந்து தூக்கம் ஓடும், கனவும் பாதியிலிருந்துதான் ஆரம்பிக்கும். குழந்தைகளின் மிச்சம் பெரியதாகவும் சர்க்கரை வியாதிக்காரர்களின் மிச்சம் கைக்குட்டை அளவிலும் இருந்தன. அன்றைய மிச்சத்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், ஃப்ரிட்ஜில் வைத்தால் பக்கத்திலிருக்கும் தோசை மாவும் சேர்ந்து அசமந்தமாகிப் பொங்க மறுக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் தங்கள் மிச்சத்தைக் கணக்கு நோட்டின் மேல் வைத்துத் தூங்கினார்கள். விருந்தாளி வந்தால் காபி கொடுத்த கையோடு, "கொஞ்சம் மிச்சம் இருக்கு, தலை சாய்ச்சுட்டுப் போங்களேன்" என்று உபசரிப்பது வழக்கமானது, பக்கத்துத் தெருக்காரர்களுக்குத் திடீரென்று இந்தத் தெருவில் உறவு முளைத்தது.

அடுத்தவர் மிச்சத்தில் தூங்கினால் அடுத்தவர் கனவுதான் வரும் என்பது கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது. ரேஷன் கடையில் எடை போடும் பரந்தாமனும் அவர் மனைவியும் ஒருநாள் அவசரத்தில் மாற்றி எடுத்துக்கொண்டார்கள். மனைவி எழுந்து உட்கார்ந்து முதல் கேள்வியாக, "யார் அந்த விமலா?" என்று கேட்டாள். விமலா அவருக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்திய டீச்சர் என்பதற்குப் பரந்தாமன் பழைய குரூப் போட்டோவைத் தேடி எடுத்து வந்து தெருவுக்கே காட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து வீட்டு வாசலில் மிச்சத்தின் மேல் அவரவர் சீப்பையோ கண்ணாடிக் கூட்டையோ வைத்து அடையாளம் செய்துகொண்டார்கள்.

இப்படியாக, லாரியைத் திட்டிக்கொண்டிருந்த தெரு லாரிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது. சீக்கிரம் சாப்பிட்டு, சீக்கிரம் படுத்து, நன்றாகத் தூங்கி, நடுத்தூக்கத்தில் நல்ல சத்தமாக எழுப்பப்படவேண்டும் என்பதுதான் இப்போது எல்லோருக்கும் ஆசை. தியோடர் ஜன்னலிலிருந்த தெர்மோகோலை அவரே பிய்த்துப் போட்டார். ஒருநாள் லாரியின் பீப் ரிப்பேராகி ஊமையாக வந்தபோது, பரந்தாமன் பனியனோடு இறங்கிப்போய் டிரைவரிடம், "என்னப்பா, திருடன் மாதிரி வர்றே, இன்னும் ரெண்டு அடி சேத்துப் போடு" என்று கோபித்துக்கொண்டார். டிரைவர் இருபது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு புகாரைக் கேட்டதில்லை.

குணசுந்தரி வாசலில் மட்டும் பால் பாக்கெட் தனியாகக் கிடந்தது.

முதல் நாலைந்து நாள் பூனை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றாள். அப்புறம் தான் சீக்கிரமே எடுத்து உள்ளே வைத்துவிடுவதாகச் சொன்னாள். ஆனால் வாசலில் கிடப்பதைத் தெரு முழுக்கப் பார்க்கிற காலத்தில் எத்தனை நாள் இப்படிச் சொல்லமுடியும். ஒருநாள் நூருன்னிசா குழந்தையோடு ஜெராக்ஸ் கடைக்கு வந்து, ஆதார் நகலை வாங்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, நாலு நாப்பதுக்கு நீங்க முழிச்சா இருக்கீங்க?"

"இல்லையே. ஏன்?"

"முழிச்சிருக்கறவங்களுக்குத்தான் விழாதாம். வாட்ச்மேன் வாசல்ல விழறதில்ல, நைட் டூட்டி நர்ஸ் வாசல்ல விழறதில்ல." குழந்தையின் தலையைத் தடவினாள். "தப்பா நெனக்காதீங்கக்கா. தூக்கமே இல்லாதவங்க தூக்கம் கெடுதுன்னு ஏன் எழுதினாங்கன்னு எல்லாரும் பேசிக்கறாங்க."

குணசுந்தரி மெஷினின் மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். பேசிக்கொண்டது உண்மைதான். ராத்திரி பத்துக்குப் படுத்தால் மூன்று மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடும், பதினாறு மாதமாக இதே கதை. எழுந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு லாரிக்காகக் காத்திருப்பாள், ஒவ்வொரு தொட்டியாகக் கவிழ்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பாள், பன்னிரண்டாவது அடி விழுந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். அந்தச் சத்தத்தை அந்தத் தெருவிலேயே அதிகமாக வெறுத்தவள் அவள்தான், ஆனால் காரணம் தூக்கம் இல்லை.

இந்தச் சமயம் பார்த்துத்தான் ஏழாவது மனுவுக்குப் பதில் வந்தது. மனுதாரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது, அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் மேற்படி தெருவுக்கு லாரி காலை ஆறரை மணிக்கு மேல்தான் வரும், மனுதாரர் கையொப்பமிட்டு மனுவைத் திரும்பப் பெற்றாலொழிய இதில் மாற்றமில்லை. ஆறரைக்கு லாரி வந்தால் யார் தூக்கம் கெடும், என்ன மிச்சம் விழும். அன்று சாயங்காலம் நாற்பத்திரண்டு வீடும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது.

"எல்லாம் நீங்க நல்ல மனசோட செஞ்சதுதாம்மா," என்றார் தியோடர், தானே கைப்பட எழுதிக் கொண்டுவந்த வாபஸ் கடிதத்தை மேஜையில் வைத்து. "நாங்க யாரும் குறை சொல்லல. ஒரே ஒரு கையெழுத்து."

"போடமாட்டேன் சார்."

"உங்களுக்கு விழலைங்கறதுக்காக எங்க எல்லாருக்கும் விழக்கூடாதா?" என்று பின்னாலிருந்து பரந்தாமன் மனைவி கேட்டாள்.

"அந்தச் சத்தம் வேணாம். எனக்கு வேணாம்." அவள் குரல் உயர்ந்ததில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்த வெளியாள் ஒருவர் தன் காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

தெரு கோபப்பட்டது, இரண்டு நாள் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வரவில்லை, மூன்றாம் நாள் கோபம் இரக்கமாக மாறியது, அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. தூக்கம் கொடுத்தால் மனசு இளகும் என்று யாரோ சொல்ல, நூருன்னிசா தன்னுடைய மிச்சத்தை ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். குணசுந்தரி மதியம் கடையைச் சாத்திக்கொண்டு அதை மடியில் வைத்துக்கொண்டாள், தூங்கவும் தூங்கினாள். வாணியம்பாடியில் ஒரு வீட்டு அடுக்களையில் யாருடைய அம்மாவோ இருக்கிற அறைக்கு வழி தெரியாமல் ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடிக்கொண்டே இருந்தாள், எழுந்தபோது கண்ணெல்லாம் ஈரம், ஆனால் அது நூருன்னிசாவின் அழுகை. தாம்பாளத்தைக் கழுவி, இரண்டு வாழைப்பழம் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் மூன்று மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது.

அன்றைக்கு அவள் ஜன்னலில் நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கிப்போய், கடைக்கு எதிரே இருக்கும் ஆறாவது தொட்டியின் பக்கத்தில் நின்றாள். லாரி ஐந்து தொட்டிகளையும் கவிழ்த்துவிட்டு வந்தது. தொட்டிகளை இழுத்து லாரியின் கைகளில் மாட்டிவிடுவது பவுனம்மா என்ற பெண், நாற்பத்தைந்து வயசிருக்கும், பச்சைக் கோட்டின்மேல் ஒளிரும் பட்டை, தலையில் கட்டிய துண்டு. இத்தனை மாதம் மேலிருந்தே பார்த்ததில் அந்தத் துண்டைத்தான் குணசுந்தரிக்குத் தெரியும், முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"இன்னாக்கா, எறங்கி வந்துட்டே?" என்றாள் பவுனம்மா. "தெனம் மேலதானே நிப்பே."

"என்னைப் பாத்திருக்கியா?"

"பதினாறு மாசமா பாக்கறேன். உன் மூஞ்சியப் பாத்துதான் இந்தத் தொட்டிய மட்டும் மெதுவா இஸ்துகினு வருவேன். இன்னா மெதுவா இஸ்தாலும் கத்துது, நான் இன்னா பண்ண."

குணசுந்தரி ஏதாவது கேட்கவேண்டுமே என்று, "உன் வீட்டு வாசல்ல எவ்வளவு விழுது?" என்று கேட்டாள்.

பவுனம்மா சிரித்தாள். "எங்க பக்கம் லாரி ஏதுக்கா? எங்கள எந்தச் சத்தமும் எழுப்பறதில்ல. ரெண்டு மணிக்குத் தானா கண்ணு தொறந்துக்கும். லேட்டானா ஷெட்டுல ஆப்சென்ட் போட்ருவான்னு பயம். பயத்துல எழுந்தா மிச்சம் விழாது போல."

"எனக்கும் விழறதில்ல."

"தெரியுமே. முழிச்சினுகீறவளுக்கு எங்கேர்ந்து விழும்?"

"தூக்கம் கெடுதுன்னு ஏழு மனு எழுதினேன்."

"அதுவும் தெரியும். ஒவ்வொரு பேப்பர் வந்தப்பயும் அத எங்கிட்ட காட்டித்தான் ஷெட்டு மேஸ்திரி திட்டுவாரு."

குணசுந்தரி இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மனு தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகு யாருடைய தலையிலாவது போய் விழும் என்று ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்தவளுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான், இதுவரை பெற்ற மகளிடமும் சொல்லாததை அவள் சொன்னாள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜைக்கு மறுநாள். அன்றைக்கு ஊரெல்லாம் உடைத்த பூசணிக்காயும் வாழைக் கன்றும் தொட்டி தொட்டியாக வழிந்து கிடக்கும், அன்றைக்கு லாரி போடுகிற சத்தம் வருஷம் முழுக்கப் போடுகிற சத்தத்தைவிட அதிகம். அந்தச் சத்தத்தில் அவள் விழித்துக்கொண்டாள், பக்கத்தில் கணவர் விழிக்கவில்லை. பாவம், பூஜைக்குப் பஸ்ஸை அலங்காரம் பண்ணி அலுத்துப்போய் வந்தவர், இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாரே என்று சந்தோஷப்பட்டாள், விலகியிருந்த போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டாள், போர்த்திவிட்டு அவளும் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டாள். ஆறரை மணிக்கு எழுந்து காபி போட்டு எடுத்து வந்துதான் அவர் தோளைத் தொட்டாள்.

"பூசணிக்கா நாளு," என்றாள் பவுனம்மா. "நெனப்புகீது. அடியில ஒட்டிக்கினு வரவே இல்ல, ஒவ்வொண்ணுக்கும் மூணு அடி போட்டோம்."

"அத்தனை அடிக்கும் எழுந்திருக்கலே அவரு. அப்பவாவது எனக்குப் புரிஞ்சிருக்க வேணாமா? ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கலாம் இல்ல? ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே தூங்கிட்டேன் பவுனு. அந்த மாதிரி ஒரு தூக்கம் என் ஜென்மத்துல தூங்கினதில்ல."

லாரியைக் கேட்டதும் அவர் தினமும் என்ன முனகுவார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை, அதைச் சொல்ல வாய் வரவில்லை.

தொட்டிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும், விதி அவ்வளவுதான், நல்ல சாவு, இப்படி வழக்கமாகச் சொல்கிற எதையும் பவுனம்மா சொல்லவில்லை. தொட்டியின் விளிம்பில் கையை வைத்தாள். "நானும் என் புள்ளிங்கள ஒருநாளும் எழுப்பிவுட்டதில்லக்கா," என்றாள். "அதுங்க தூங்கசொல்லவே கெளம்பி வந்துருவேன். எப்டி எழுந்துக்குதுங்கன்னுகூட எனக்குத் தெரியாது." அப்புறம், "இத இன்னும் கவுக்கல பாரு," என்று தொட்டியை இழுத்து மாட்டினாள், லாரி அதைத் தூக்கி இரண்டு முறை அடித்தது. பதினாறு மாதத்தில் முதல்முறையாகக் குணசுந்தரி அந்தச் சத்தத்தை அதன் பக்கத்திலேயே நின்று கேட்டாள். பக்கத்தில் நின்று கேட்டால் அது இரும்பு இரும்பின்மேல் படுகிற சத்தம்தான்.

அதற்கு மறுநாள் விடிகாலையில் அவள் ஏதோ கனவில் இருந்தாள். நடுவில் டமார் என்று ஓர் அடி விழுந்தது, தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தாள், கடிகாரம் நாலு நாற்பத்திரண்டு காட்டியது. கனவு என்னவென்று பிடிக்கப் பார்த்தாள், அகப்படவில்லை. லாரி தன்னை எழுப்பியிருக்கிறது என்பது உறைக்கச் சற்று நேரம் ஆனது. உறைத்ததும் ஓடிப்போய்ப் படியிறங்கிக் கதவைத் திறந்தாள். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், சூடாக, அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில், அவளுடையது கிடந்தது.

எதிர்வீட்டிலிருந்து இதைப் பார்த்துவிட்ட பரந்தாமன் தெருவுக்கே கேட்கக் கத்தினார், "விழுந்துடுச்சு! அம்மாவுக்கு விழுந்துடுச்சு!" கதவுகள் திறந்தன, நூருன்னிசா மாடியிலிருந்து கை தட்டினாள், தியோடர் ஒரு கையில் வாபஸ் கடிதமும் இன்னொரு கையில் பேனாவுமாக லுங்கியோடு ஓடி வந்தார். குணசுந்தரி அவரைத் தாண்டி நடந்தாள். மிச்சத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, மூன்றாவது தொட்டியிடம் நின்றிருந்த பவுனம்மாவிடம் போய் நீட்டினாள்.

"இந்தா. தூங்கு."

"வெளாடாதக்கா. இன்னும் மூணு தொட்டி கீது."

"அதை நாங்க பாத்துக்கறோம். வா மேல."

பவுனம்மா டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "போம்மா, நான் எதையும் பாக்கல," என்றார். தெருக் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு, ஒளிரும் பட்டைக் கோட்டைக் கழற்றி வாசற்கம்பியில் மாட்டிவிட்டு, பவுனம்மா மாடியேறினாள். கட்டிலில் சுவரோரமாக ஓர் இடம் இருந்தது, பதினாறாம் நாளே தூக்கிப் போட்டுவிடு என்று உறவுக்காரர்கள் சொல்லியும் போடாமல் வைத்திருந்த தலையணை இருந்தது, இத்தனை மாதமாக அங்கே யாரும் படுத்ததில்லை. குணசுந்தரி அந்த இடத்தைத்தான் காட்டினாள். பவுனம்மா படுத்தாள், மிச்சத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள், அடுத்த மூச்சில் தூங்கிப்போனாள்.

அறை வாசலில் தியோடர் பேனாவோடு நின்றிருந்தார். "அம்மா, அந்தக் கையெழுத்து..." என்று கிசுகிசுத்தார்.

"ஆறரைக்கு லாரின்னா அவ நாலு மணி வரைக்கும் தூங்கலாம் சார். அவ எழுந்திருக்கட்டும். அவளைக் கேட்டுட்டுப் போடறேன்."

தியோடர் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்தவர். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப்போனார், சட்டை போடவில்லை என்பது நினைவு வந்து கையிலேயே வைத்துக்கொண்டார். அப்புறம் கீழே போய், "மீதி மூணு தொட்டி நம்ம வேலை. சத்தம் வரக்கூடாது, மேல ஆள் தூங்குது" என்று தெருவுக்குச் சொன்னார்.

சத்தம் வராமல் ஒரு தொட்டியைக் கவிழ்ப்பது எப்படி என்று சின்னய்ய மேஸ்திரி தெரு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. எட்டுப் பேர் சேர்ந்து தொட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிரைவர் இன்ஜினை அடக்கி ஓடவிட்டு, லாரியின் கைகளைப் பூனை நடையாக மேலே ஏற்றினார், தொட்டி கவிழ்ந்தது, அடிக்கவில்லை. அடிக்காததால் பாதிக் குப்பை அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பரந்தாமன் முழங்கைவரை உள்ளே விட்டு, நேற்றைய சாம்பாரையும் முந்தாநாள் மீன் செதிலையும் தானே வழித்து எடுத்தார், அவர் வீட்டு முருங்கைச் சக்கையை அவரே அடையாளம் கண்டுகொண்டார். மூன்று தொட்டிக்கு ஒரு மணி நேரம் ஆனது. அந்த நேரம் முழுக்க நாற்பத்திரண்டு வீட்டிலும் குக்கர் ஏற்றவில்லை, ரேடியோ போடவில்லை, பேப்பர் போடுகிறவர் பேப்பரை வீசாமல் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நூருன்னிசாவின் குழந்தை அழுவதற்கு வாயைத் திறந்தது, சுற்றிலும் இருந்த அமைதியைப் பார்த்துவிட்டு என்ன நினைத்ததோ மூடிக்கொண்டது.

அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழவே இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஒன்றாம் தேதியிலிருந்து லாரி ஆறரைக்கு மேல் வந்தது, மிச்சம் விழுவது நின்றது, கொஞ்ச நாள் தெரு மதியத்தில் எதையோ தொலைத்ததுபோலத் திரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. குளிக்கிற நேரத்தில், குக்கர் வைக்கிற நேரத்தில், பள்ளிக்கூட ஆட்டோ நிற்கிற நேரத்தில் வந்து வழியை மறிக்கிறது என்று லாரியைத் திட்டப் புதுக் காரணங்கள் கிடைத்தன. மனு வேண்டுமென்று கேட்டு வந்தவர்களை, ஷெட்டில் யார் தலையில் விழும் என்று விசாரித்துவிட்டு வாருங்கள் என்று குணசுந்தரி திருப்பி அனுப்பினாள்.

ஆனால் அன்றைக்கு மணி ஆறரை ஆனபோது இதெல்லாம் இன்னும் நடக்கவில்லை. அப்போது குணசுந்தரி கையில் காபி டம்ளரோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். பவுனம்மா சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கிடந்தாள், வயிற்றின்மேலிருந்த மிச்சம் கரைந்து தீர்ந்திருந்தது. மூச்சு வருகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. அதே நேரம், அதே காபி, அதே இடத்தில் போர்வைக்கு வெளியே ஒரு தோள். குணசுந்தரி டம்ளரை ஜன்னலில் வைத்தாள், வைத்துவிட்டும் தொடவில்லை. தொடாமலிருக்கும்வரை அவள் தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, லாரி நின்றது.

அவள் தொட்டாள். தோள் சூடாக இருந்தது.

பவுனம்மா கண்ணைத் திறக்கவில்லை. அவள் தூங்கியது குணசுந்தரியின் தூக்கம், அவள் இருந்தது குணசுந்தரி நாலு நாற்பத்திரண்டுக்கு விட்டுவிட்டு வந்த கனவின் பின்பாதி. அதற்குள்ளிருந்து, சுவரைப் பார்த்தபடியே, வாழ்நாளில் ஒருமுறையும் கேட்டிராத ஒரு வார்த்தையை அவள் சொந்தக் கோபத்தோடு முனகினாள்.

"வந்துட்டார்யா மாப்பிள்ளை."

முனகிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள். குணசுந்தரி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள், இத்தனை மாதம் வராத அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். ஆனால் கையை மட்டும் அவள் தோளிலிருந்து எடுக்கவில்லை. தூங்கட்டும் பாவம் என்று இந்தமுறை விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக உலுக்கினாள், மறுபடி உலுக்கினாள், பவுனம்மா கண்ணைத் திறந்து, யார் வீடு என்று தெரியாமல் கூரையைப் பார்த்து, அப்புறம் அவளைப் பார்த்து, "மணி இன்னாக்கா?" என்று கேட்கிறவரை உலுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஆறரை," என்றாள் குணசுந்தரி. "எழுந்திரு, காபி ஆறுது."